முதுகைத் தெரிந்தவள்

பித்தளைத் தகட்டில் ஒரு முகம் பதித்திருக்கிறார்கள்.
யாருடைய முகமோ.
நாலு வருஷம் நான் பார்த்ததெல்லாம்
அய்லா ஹாதயாவின் முதுகை.

ஆண்கள் அணி கழித்துப்போட்ட பனியன்,
அதில் பதினான்கு என்ற எண்.
தையல் பிரிந்து ஒன்று தொங்கும்,
நாலு மட்டும் எனக்கு முன்னால் ஓடும்.
இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம்.
பின்னல் வலப்பக்கம் மட்டும் அடித்தால்
இன்னும் நிதானத்தில் இருக்கிறாள்.
இரண்டு பக்கமும் அடித்தால்
அவ்வளவுதான்,
இனி அவளைப் பிடிக்க முடியாது.

புறமுதுகு காட்டுவது இழுக்கு என்பார்கள்.
அவள் காட்டினாள்,
சுப்பீரியர் ஏரியின் தென்கரை முழுக்க,
கல்லூரி கல்லூரியாக.

புகழ்க்கூடம் என்பது பெரிய பெயர்.
ஹாக்கி அரங்குக்குப் போகிற வழியில்
கழிப்பறைக்கும் சோடா எந்திரத்துக்கும் நடுவே
பன்னிரண்டு அடிச் சுவர்.
முக்கால்வாசி ஹாக்கிக்காரர்கள்,
முன்பல் இல்லாத சிரிப்போடு.
ஓரத்தில் ஒரு மரக்கடை முதலாளி,
அவர்களுக்குப் பேருந்து வாங்கித் தந்தவர்.

எங்களுக்குப் பேருந்து இல்லை.
பயிற்சியாளர் டுவைட் ஆஸ்ட்பியின் ரொட்டி வேன் இருந்தது.
வெள்ளிக்கிழமை ரொட்டியை இறக்கிவிட்டு
சனிக்கிழமை எங்களை ஏற்றுவார்.
தொடக்கக் கோட்டில் நிற்கும்போது
தலைமயிரெல்லாம் மாவு வாசனை.

கடிதம் எனக்கு வந்தது.
'உடன் ஓடியவர் என்ற முறையில்
மூன்று நிமிடம் பேச வேண்டும்.'
உடன் எங்கே ஓடினேன்?
பதினொரு பந்தயம், பதினொன்றிலும் இரண்டாவது.
உடன் ஓடியிருந்தால்
எனக்கும் ஓர் ஆணி அடித்திருப்பார்கள்.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு.
எழுபத்தொன்பது அக்டோபர். பனிமழை.
வளைவில் அவள் ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது.
குனிந்தாள். நான் தாண்டினேன்.

முன்னால் யாருமில்லை.
அறுத்த வயல், ஒரு முள்வேலி,
சாம்பல் நிறத்தில் ஏரி.
கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நாற்பது தப்படி இருக்கும்.
பிறகு ஒற்றை ஷூவோடு,
சேறு தெறிக்க,
அந்த நாலு என்னைக் கடந்து போனது.
நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் வெட்கம்.
சொல்லாவிட்டால் பொய்.

முந்நூறு பேர், ஆறிப்போன கோழி, முள்கரண்டிச் சத்தம்.
தகட்டின் திரையை விலக்கினார்கள்.
ஹாதயா 'ஹதயா' ஆகியிருந்தாள்.
முதல் எழுத்தில் ஒரு கால் இல்லை.
துணைவேந்தர் முகம் வெளுத்தது.
அய்லா கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு,
'பரவாயில்லை,
டாக்டரும் ஒன்றை எடுத்துவிடத்தான் பார்த்தார்' என்றாள்.
ஹாக்கிக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள்.
இடுப்பில் புது மூட்டு, கையில் நாற்கால் தடி.
மேசைகளுக்கு இடையே ஒருவர் மட்டும் போகிற வழி.
நான் பின்னால்.

என் முழங்கால்கள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன.
காலையில் நான்கு மைல் போகிறேன்.
ஒரு நாற்காலியை நகர்த்தியிருந்தால்
முந்தியிருக்கலாம்.
அவளுக்குப் பின்னால் இருப்பதற்காக
வேகத்தைக் குறைத்தது
அதுதான் முதல்முறை.
பின்னல் இல்லை. கத்தரித்த நரை.
கோட்டுக்குள் அந்த மச்சம் இருக்கும்,
மச்சம் எங்கே போகும்?

பாதி வழியில் நின்றாள்.
திரும்பவில்லை.
'நீதானே?'
'நான்தான்.'
'தெரியும்' என்றாள்.
'இன்னும் வாயாலேதான் மூச்சு விடுகிறாய்.'